பதினேழு ஒன்று முறிந்த சனிக்கிழமை

ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு தரம் பக்கம் பக்கமாக எழுதினால் வருகிற எண்ணைத் தான் தனி ஆளாக, ஒரேயொரு பேனாவால், இரண்டு துண்டாக முறித்துப் போட்டதாகச் சாமித்தம்பி சொன்னார். முறிந்த சத்தத்துக்குக் காத்தான்குடிப் புடவைக் கடைகளில் மடித்து அடுக்கியிருந்த சாறிகள் தாமாகவே விரிந்தனவாம். வாவியில் இறால் ஒரு முழத்துக்குத் துள்ளியதாம். மண்டூர்க் கோயில் மணி, ஆள் தொடாமல், ஒருதரம் அடித்து ஓய்ந்ததாம். இத்தனைக்குப் பிறகும் பேனாவில் பாதி மை மிச்சம் கிடந்ததாம்.

சொன்ன இடம் ஓய்வூதியர் சங்கத்தின் மாசி மாதக் கூட்டம். நாற்பது பேர் இருந்தார்கள். முப்பத்தொன்பது பேருக்கு மனுசன் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதே விளங்கவில்லை. ஆகையால் பலமாகக் கைதட்டினார்கள். நாற்பதாவது ஆள் எழுந்து நின்றார். அவர் பூபாலபிள்ளை, சாமித்தம்பியின் மனைவியுடைய அண்ணன்.

"மச்சான், இது எத்தினையாம் திகதி நடந்த?"

"தை இருபத்தொண்டு, சனிக்கிழமை. கொப்பியில எழுதிக் கிடக்கு, வந்து பார்."

"பாத்திட்டுத்தான் கேக்கிறன். அந்தச் சனிக்கிழமை முழுக்க நீ என்னோட பாசிக்குடாவில கழுத்தளவு தண்ணிக்க கிடந்தாய். மத்தியானம் என்ட பார்சலில இருந்த கோழிக்காலையும் நீதான் திண்டாய். எந்தக் கையால மச்சான் முறிச்ச?"

சங்கம் சிரித்துக் கூரையைக் கழற்றியது. பாசிக்குடாவில் கழுத்தளவு தண்ணீர் வேண்டுமென்றால் கடலுக்குள் கிழக்கே அரை மைல் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் குந்த வேண்டும். சங்கத்துச் சுற்றுலாவில் மச்சான்மார் இரண்டு பேரும் அன்றைக்குக் காலையிலிருந்து குந்தியபடிதான் கிடந்தார்கள் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"சரி, நான் சொல்லட்டா?" என்றார் பூபாலபிள்ளை. "போனில தேடி எடுத்த. எடுத்திட்டுக் கொப்பியில வெட்டி விழுத்தின. கள்ளக் கொம்பு!"

சாமித்தம்பி வாயைத் திறந்தார். பதில் அவருடைய நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. உண்மையான பதில். ஆனால் அதைச் சொல்லாமல், "உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

இந்தச் சண்டை விளங்க வேண்டுமானால் கொம்பு முறிப்பு விளங்க வேண்டும். மட்டக்களப்புக் கண்ணகை அம்மன் கோயில்களில் அதற்காக ஊர் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வடசேரி, மறுபாதி தென்சேரி. வளைந்த மரக் கொம்பு ஆளுக்கொன்று. இரண்டையும் கொளுவிக் கயிறு கட்டி இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். தோற்ற பக்கத்தைப் பார்த்து வென்ற பக்கம் பாடுகிற வசையைக் கேட்டால் வாவி மீனும் கண்ணை மூடிக்கொள்ளும். மீனுக்கு இமை இல்லாதபடியால் அது வேறு கரைக்குப் போய்விடும். சேரி தகப்பன் வழியில் வருவது. சாமித்தம்பி தென்சேரி. பூபாலபிள்ளையும் அவருடைய தங்கை இலட்சுமிப்பிள்ளையும் வடசேரி. அந்தத் தங்கையைத்தான் சாமித்தம்பி கட்டியிருந்தார். கலியாணம் முடித்த பெண் எந்தச் சேரி என்பதை ஊர் இருநூறு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. இன்னொரு இருநூறு பிடிக்கும்.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு கொரோனா வந்தது. ஊரடங்கு. நாலு பேர் சேர்ந்து நின்றால் பொலிஸ். வைகாசியில் கொம்பு இல்லை என்று அறிவித்த அன்று குருமண்வெளியிலிருந்து சாமித்தம்பி வாவிக்கு அந்தப் பக்கம் மண்டூரிலிருந்த மச்சானுக்குப் போன் எடுத்தார்.

"இந்த வருசம் கொம்பு இல்லையாம், மச்சான்."

"நல்லம். உங்கட பக்கத்து மானம் தப்பிச்சி."

"ஆர்ர மானம்? வாவன், எண்ணில முறிப்பம். நீ ஒரு எண்ணப் பிடி, நான் ஒண்டப் பிடிக்கிறன். உன்ட எண்ண நான் மிச்சமில்லாம வகுத்து முறிக்கிறன், என்ட எண்ண நீ முறி. ஆர்ர எண் முறியிதோ அவன்ட சேரி தோத்த."

"உனக்கு வேலையில்ல."

"உனக்கு இரிக்கா?"

பூபாலபிள்ளைக்கும் இல்லை. தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நம்பாத மனுசன். கடித உறையில் விலாசம் சரியாக இருந்தாலும் ஆளை ஒருதரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். சந்திரனுக்கு மனிதன் போனதை, போனவன் அங்கிருந்து தபால் போட்டால் நம்பலாம் என்று சொல்லிவந்தார். சாமித்தம்பியோ நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தைந்து வருடம் மடக்கை வாய்பாட்டோடு குடும்பம் நடத்தியவர். அவர் கணக்குப் போட்ட காணிகளை ஒன்றாக விரித்தால் மூன்று இலங்கை வரும் என்று அவரே சொல்வார். அதில் ஒன்றரையை நம்பலாம்.

விதி எழுதிக் கொடுத்தது பூபாலபிள்ளையின் மகள் யசோதினி. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிக்கிற பிள்ளை. வெறும் ஒன்றுகளால் ஆன எண்ணை எடுங்கள், யாருக்கும் அநியாயம் இல்லை என்றாள். ஆனால் ஒன்றுகள் இரட்டைப்படையாக இருந்தால் பதினொன்றால் போய்விடும். பதினைந்து ஒன்று என்றால் நூற்றுப் பதினொன்றால் போய்விடும். எத்தனை ஒன்று என்ற அந்தத் தொகையே வேறொன்றாலும் வகுபடாத முதன்மை எண்ணாக இருந்தால்தான் கொம்பு கொஞ்சமாவது இறுகும். பூபாலபிள்ளை பதினேழு ஒன்றைத் தன் கொம்பாகப் பிடித்தார். நீளக் கொம்புதான் வலுக் கொம்பு என்று சாமித்தம்பி பத்தொன்பது ஒன்றைப் பிடித்தார்.

இன்னொன்றும் அவள் சொல்லிக் கொடுத்தாள். பதினேழு ஒன்றை முறிக்கக்கூடிய முதன்மை எண் எதுவானாலும், அதை முப்பத்துநாலால் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். ஆகையால் கண்ட கண்ட எண்ணால் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. முப்பத்துநாலு முப்பத்துநாலாகத் தாண்டித் தாண்டிப் போனால் போதும். பத்தொன்பதுக்கு முப்பத்தெட்டு. இரண்டிலும் மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்றால் வகுபடுகிற எண்ணை விட்டுவிடலாம். போன் கூடாது, கல்குலேட்டர் கூடாது, எல்லாம் கையால். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போட வேண்டும்.

இரண்டு கரையிலும் வகுத்தல் தொடங்கியது.

இப்போது, அந்தக் கூட்டத்தில் சாமித்தம்பி விழுங்கின பதிலுக்கு வருவோம்.

பதினேழு ஒன்றை முறித்தது சாமித்தம்பி இல்லை. இலட்சுமிப்பிள்ளை.

முதல் ஆறு மாதம் சாமித்தம்பி தனியாகத்தான் வகுத்தார். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு. ஒருநாள் அடுப்பில் சோறு கொதிக்கிற நேரம் இலட்சுமிப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்து, "அஞ்சாவது வரியில ஒண்டக் கடன் வாங்க மறந்திட்டீங்க" என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற மனுசி. பார்த்தால் சரி. அன்று முதல் ஒரு எண் இவருக்கு, அடுத்த எண் அவருக்கு. சாமித்தம்பி இரண்டு கணக்குப் போட்டு மூக்குக் கண்ணாடி துடைப்பதற்குள் அங்கே மூன்று முடிந்து மீன் கறியும் இறக்கியாகிவிடும். மீதி எல்லாம் மீதிதான். ஒன்றும் பூச்சியத்துக்கு வரவில்லை. மூன்றாம் வருடம் தை பிறந்தபோது இரண்டு பேருமாக இருபத்து மூவாயிரம் தரம் தோற்றிருந்தார்கள். ஒரே வீட்டில் இத்தனை தோல்வி போர் நடத்திய நாடுகளுக்கும் கிடைத்திருக்காது.

பாசிக்குடாவிலிருந்து உப்பும் மணலுமாக வந்து இறங்கியவரிடம் இலட்சுமிப்பிள்ளை கொப்பியை நீட்டினார்.

"இஞ்ச பாருங்க, இதில மிச்சம் ஒண்டும் வரயில்ல. நான் எங்கயோ பிழை விட்டுட்டன் போல."

இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்துமூன்று. அதுதான் எண். சாமித்தம்பி நனைந்த சாரத்தோடு நின்றபடியே மூன்று தரம் பெருக்கிப் பார்த்தார். மூன்று தரமும் பதினேழு ஒன்றுகள் வரிசை பிசகாமல் வந்து நின்றன. மனைவியைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. முதுகுவலியை நினைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நாம முறிச்சிட்டம் புள்ள!" என்றார்.

அன்றைக்கு அந்தச் சொல் 'நாம'. மறுநாள் மண்டூருக்குக் காட்டவென்று அந்தக் கணக்கைத் தன் கொப்பியில் தன் எழுத்தில் படியெடுக்கும்போது அது 'நான்' ஆனது. எப்படி ஆனது என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் தெரியாது என்பார். வடசேரிக் கொம்பை வடசேரியில் பிறந்த பெண்ணே முறித்தாள் என்றால் தென்சேரிக்கு அதில் என்ன மரியாதை? எழுத்தை மாற்றினார், கொப்பியை மாற்றினார். திகதியை மட்டும் மாற்ற அவருக்குக் கை வரவில்லை. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் கணக்குத் தாளில் பொய்த் திகதி போட்டதில்லை. பொய் முழுவதையும் நேர்மையான திகதியின் கீழ் எழுதி வைத்தார். கள்வர்களில் இப்படியொரு ஒழுங்கான கள்வனை இந்தப் பகுதி கண்டதில்லை.

கூட்டத்தில் நடந்ததைக் கேட்ட இலட்சுமிப்பிள்ளை கோபிக்கவில்லை. சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஒரேயொரு தரம் கேட்டார்.

"அண்ணனுக்கு மட்டுமாவது சொல்லுங்களன். அவர் உங்களக் கள்ளன் எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்கார்."

"நீயே சொல்லன்."

"நான் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி. நீங்கதான் சொல்லோணும்."

"சரி, நாளைக்குச் சொல்றன்."

அறுநூற்று முப்பது நாள் அந்த 'நாளைக்கு' வந்து வந்து போனது. பிறகு ஓர் ஐப்பசி மழை நாளில், நெஞ்சு நோகுது என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்த இலட்சுமிப்பிள்ளை எழும்பவில்லை. செத்த வீட்டுக்குப் பூபாலபிள்ளை வந்தார். தங்கையின் கால்மாட்டில் மூன்று மணி நேரம் இருந்தார். சாமித்தம்பியின் பக்கம் திரும்பவேயில்லை. சாமித்தம்பிக்கு அப்போதும் அந்தப் பதில் நாக்கின் நுனியில்தான் இருந்தது. செத்த வீட்டில் எப்படிச் சொல்வது, முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று நினைத்தார். முடிந்தது. தைப்பொங்கல் போகட்டும் என்றார். போனது. சித்திரை வருடப்பிறப்பும் போனது.

பொய்யைச் சொன்னவருக்கு அது பழக, உண்மை அவரை விட்டு விலகி நின்றது. இப்போது போய்ச் சொன்னால் மச்சான் என்ன சொல்வார் என்று சாமித்தம்பிக்குத் தெரியும். இறந்தவளைச் சாட்சிக்கு இழுக்கிறான் என்பார். அதையும் போனில் எடுத்து அவளைக் கொண்டு எழுதுவித்தான் என்பார். ஆனாலும் முதலாம் ஆண்டுத் திவசம் வருகிறது. கூடப் பிறந்தவரை நேரில் போய் அழைக்காமல் அந்தச் சோற்றை வைக்க முடியாது. அழைக்கப் போகிறவர் பொய்யோடு போக முடியாது. அவர் வேண்டியது ஒன்றுதான்: இலட்சுமியின் அண்ணன், இலட்சுமிதான் அதைச் செய்தாள் என்று ஒருதரம் நம்ப வேண்டும்.

ஒரு காலை, கட்டிலின் கீழிருந்த மனைவியின் கொப்பிகள் முழுவதையும் ஓர் உரப்பையில் போட்டுக் கட்டினார். நாற்பத்துமூன்று கொப்பி. ஓட்டோக்காரன் இறக்கி வைக்க, வாவியைக் கடக்கிற பாதையில், அதாவது சனத்தையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகிற அந்த மிதவையில், பையை இழுத்து ஏற்றினார். மிதவை ஒரு பக்கம் சரிந்தது. குறைந்தது சாமித்தம்பிக்கு அப்படித்தான் தோன்றியது.

"என்ன ஐயா, நெல்லா?" என்று பாதைக்காரன் கேட்டான்.

"இல்ல மனே. பிழைச்ச கணக்கு. பதினோராயிரம் கிடக்கு."

"எனக்கிட்ட சொல்லியிருந்தா நானும் ரெண்டு தந்திரிப்பனே."

வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்குச் சாமித்தம்பி மறுகரை வரைக்கும் பதில் வைத்திருப்பார். அன்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மண்டூரில் யசோதினி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்றவளுடைய கண் பையிலேயே நின்றது. உள்ளே மேசையில் பூபாலபிள்ளை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பத்தொன்பது ஒன்றுகள். ஆறாவது வருடம். மேசையின் இரு பக்கமும் கொப்பிகள் இடுப்பு உயரம்.

"பிள்ள, அவருக்குத் தேத்தண்ணி குடு" என்றார் பூபாலபிள்ளை, தலை நிமிராமல். "ஏன் வந்தவர் எண்டும் கேள்."

"அப்பா, மாமா உங்களுக்கு முன்னாலதான் நிக்கார்."

"நிக்கட்டும். நீ கேள்."

"திவசத்துக்குச் சொல்ல வந்தனான் எண்டு சொல்லு, மகள்" என்றார் சாமித்தம்பி. "மறுகா, ஒரு விசயம் கிடக்கு."

"விசயத்தையும் உன்னட்டயே சொல்லச் சொல்லு" என்றார் பூபாலபிள்ளை.

யசோதினிக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. "மாமா, இவர் இப்பிடித்தான். பத்தொன்பது ஒண்டு முதன்மை எண், அது முறியவே முறியாது, உலகத்தில எல்லாருக்கும் தெரியும் எண்டு மூண்டு வருசமாச் சொல்றன். கம்பியூட்டரில போட்டும் காட்டினன். கேக்கிறாரா?"

"கம்பியூட்டர் சொல்லிச்சி எண்டு விட்டுட்டு வரச் சொல்றியா?" என்றார் பூபாலபிள்ளை. "நான் வகுத்துப் பாக்காத எண்ண நான் எப்பிடி நம்புற?"

சாமித்தம்பி பேனாவோடு குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தார். முறியாத அந்தப் பத்தொன்பதைப் பிடித்துக் கொடுத்தவர் சாமித்தம்பிதான். நின்றபடியே சொல்லிவிட்டார்.

"மச்சான், பதினேழ நான் முறிக்கயில்ல. இலட்சுமி முறிச்சவ. நான் பாசிக்குடாவில உன்னோட கிடந்த நேரம் அவ வீட்டில இருந்து முறிச்சவ. நான் அதப் பாத்து எழுதிப்போட்டு என்ட எண்டு சொன்னனான்."

பேனா நின்றது. பூபாலபிள்ளை முதன்முறையாக மச்சானை நேராகப் பார்த்தார்.

"உயிரோட இரிக்கக்க ஏன் சொல்லயில்ல?"

"வெக்கம்."

"இப்ப வெக்கம் போயிற்றா? செத்தவள்ட தலையில கட்டுறியா? நீ போனில எடுத்திரிப்பாய். அவளக் கொண்டு எழுதுவிச்சிரிப்பாய். அவள் பாவம், நீ சொன்னா எழுதுவாள்."

"அப்பா!" என்றாள் யசோதினி.

"நீ சும்மா இரி. அவள் என்ட தங்கச்சி."

சாமித்தம்பிக்கு வாதாட வரவில்லை. வாவியில் இறாலைத் துள்ள வைத்த வாய் அது. குனிந்து உரப்பையின் கட்டை அவிழ்த்து அப்படியே நிலத்தில் கவிழ்த்தார். கொப்பிகள் சரிந்து மேசைக் கால் வரைக்கும் பரவின.

"போனில விடையத்தான் எடுக்கலாம், மச்சான்" என்றார். "இது அவ்வளவும் விடையில்ல. அவ பிழைச்சதெல்லாம் இதுக்க கிடக்கு. நீயே பார்."

எந்தக் கடிதத்தையும் நம்பாத அந்தப் பழைய தபாலதிபர், காலடியில் கிடந்த கொப்பி ஒன்றைக் குனிந்து எடுத்தார். நடுவில் விரித்தார். திகதி இருந்தது. முதல் ஊரடங்குக்கு அடுத்த வருடம். ஒரு பக்கத்துக்கு இரண்டு கணக்கு, சில பக்கத்தில் மூன்று. ஓரத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் பெருக்கிய நிரல். ஒரு மூலையில் மஞ்சள் கறை. கணக்கின் அடியில் மிச்சம். அடுத்த கணக்கின் அடியில் இன்னொரு மிச்சம்.

அவர் தன்னுடைய கொப்பியைப் புரட்டி ஒரு வெறும் பக்கத்தில் பதினேழு ஒன்றுகளை எழுதினார். அந்தப் பக்கத்தில் தங்கை வகுத்துப் பார்த்த எண்ணை வெளியே போட்டார். வகுத்தார். தேநீர் ஆடை பிடித்தது. விடை வந்ததும் இரண்டு மிச்சத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். ஒன்றேதான்.

இன்னொரு கொப்பி. வேறொரு வருடம். வகுத்தார். அதுவும் சரி. மூன்றாவதில் இலட்சுமிப்பிள்ளை ஒரு வரியைப் பிழையாகக் கழித்து, வெட்டி, பக்கத்தில் 'சோறு கரிஞ்சிற்று' என்று எழுதித் திரும்பத் தொடங்கியிருந்தார். பூபாலபிள்ளையின் மூக்கிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வெளியே வந்து பாதியில் நின்றது.

சாமித்தம்பி நின்றுகொண்டே இருந்தார். யசோதினி கதிரையை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை. ஐந்து வருடமாகப் பூச்சியத்தைக் காணாமல் வகுக்கிற மனுசன் ஒருவருக்கு முன்னால், பூச்சியத்தைக் கண்ட ஒரு மனுசியின் தோல்விகள் கிடக்கின்றன. இந்த உலகத்தில் இதை வாசிக்கத் தெரிந்த கண் வேறு எவருக்கும் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதை மூன்று வருடத்துக்கு முன்னமே இந்த மேசையில் வைத்திருந்தால், அண்ணனும் தங்கையும் இருந்து எத்தனை வசை பாடியிருப்பார்கள். தன்னை நடுவில் விட்டுப் பாடியிருப்பார்கள். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பார்.

"அந்தச் சனிக்கிழமைக் கொப்பி எது?" என்று பூபாலபிள்ளை கேட்டார். யசோதினியிடம் அல்ல.

சாமித்தம்பி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் இரண்டு கணக்கு. முதலாவது 2071621. பூபாலபிள்ளை அதைத்தான் முதலில் போட்டார். மிச்சம் 1937807. கொப்பியிலும் 1937807. அதன் கீழே இரண்டாவது, 2071723. கணக்கின் அடியில், சாமித்தம்பி படியெடுக்காமல் விட்ட ஒரு வரி, இலட்சுமிப்பிள்ளையின் சாய்ந்த எழுத்தில்: 'அண்ணன்ட கொம்பு முறிஞ்சிற்று. பாவம், கவலைப்படுவார்.'

பூபாலபிள்ளை அந்த வரியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். பக்கத்தை மறைத்து வைத்துக்கொண்டு பதினேழு ஒன்றுகளைத் திரும்பவும் எழுதினார்.

ஐந்து தரம் போனது. மிச்சம் எடுத்து ஒன்றை இறக்கினார். மூன்று தரம். ஆறு தரம். மூன்று. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு. மூன்று. ஐந்து. கடைசி ஒன்றையும் இறக்கியபோது தாளில் 14502061 நின்றது. பூபாலபிள்ளை ஓரத்தில் ஏழால் பெருக்கினார். மெதுவாக, வலமிருந்து இடமாக, ஒவ்வொரு இலக்கமாக எழுதினார். 14502061.

இரண்டு வரியும் ஒன்றன் கீழ் ஒன்று. கழிக்க வேண்டியதுதான் மிச்சம். அவருடைய பேனா அந்த இடத்துக்கு மேலே நின்றது.

"எனக்கு ஒரு நாளும் இது வந்ததில்ல" என்றார், மிகவும் மெல்ல. "அஞ்சு வருசத்தில ஒரு நாளும் வந்ததில்ல. இது வந்த நேரம் அவள் தனியவா இருந்தவள்?"

"ஓம், மச்சான். தனியத்தான் இருந்தவ. பிழை விட்டுட்டன் எண்டு நினைச்சவ."

பூபாலபிள்ளை பூச்சியத்தைப் போட்டார். போட்டதைச் சுற்றி ஒருதரம் கோடு கீறினார். பிறகு கொப்பியை மூடாமலே மேசையின் மறுபக்கத்துக்கு, மச்சான் நின்ற பக்கத்துக்குத் தள்ளினார்.

"நடந்துதான் இரிக்கு" என்றார். "இலட்சுமிதான் முறிச்சிரிக்கா."